ஒரு புள்ளியும் இல்லாத படம்

ஜெயபுரத்துச் சந்தியில் ஸ்ரூடியோ வைத்திருக்கிற பிரதீபனைக் கோபக்காரன் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தாய்மாமன், "இன்னொருக்கால் எடும், நான் கண்ணை மூடிப்போட்டன்" என்று ஐந்தாவது தரம் கேட்டாலும் சிரித்துக்கொண்டே எடுப்பான். பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டில் ஆர் முன்னுக்கு நிற்பது என்று மாமிமார் முகத்தைத் திருப்பிக்கொண்டால், பேசாமல் ஒதுங்கி நின்று லென்ஸைத் துடைத்துக்கொண்டிருப்பான். தகப்பன் மலைநாட்டிலிருந்து வந்து இந்தக் காட்டை வெட்டிக் காணியாக்கின மனுசன். அந்தப் பொறுமைதான் மகனுக்கும் என்று ஊரில் கதைப்பார்கள். அப்படிப்பட்டவனைப் போன மாசி மாதம் ஒரு தூசு விசராக்கிப்போட்டது.

முதலில் அதைக் கொக்கு என்றுதான் நினைத்தான். குளக்கட்டில் ஒரு சோடியை நிறுத்தி எடுத்த படம். வானத்தில் சாம்பல் நிறமாக ஒரு புள்ளி. சரி, கொக்கு பறந்திருக்கும் என்று விட்டான். அடுத்த படத்திலும் அதே இடத்தில் அதே கொக்கு. மூன்றாவது படம் கோயிலுக்குள் எடுத்தது. கோயில் சுவரிலும் கொக்கு நின்றது. அப்போதுதான் அது கொக்கில்லை என்று அவனுக்குப் பிடிபட்டது.

விசயம் இதுதான். அந்தக் காலத்தில் பிலிம் இருந்த இடத்தில் இப்போது சென்சர் என்று ஒன்று இருக்கிறது. தபால் முத்திரையளவு கண்ணாடித் துண்டு. படம் விழுவது அதில்தான். லென்ஸைக் கழற்றி மாட்டுகிற நேரம் ஒரு தூசு உள்ளே போய் அதில் ஒட்டிக்கொண்டால், பிறகு எடுக்கிற ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் ஒரு புள்ளி விழும். லென்ஸைத் துடைத்துப் பிரயோசனம் இல்லை. கமராவைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டியும் பார்த்தான். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சனியன் அசையவில்லை. ஒன்றல்ல, எண்ணிப் பார்த்தால் மூன்று.

வன்னியில் மாசி மாதம் தூசு இல்லாத இடம் எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கோ. காலபோக நெல் வெட்டுகிற மிசின் ஒரு வயலில் இறங்கினால் பத்து வீட்டுக் கொடியில் காய்கிற உடுப்பையும் தட்டவேண்டும். கிரவல் ஏற்றின டிப்பர் சந்தியால் போனால், எதிரில் இருக்கிற தேத்தண்ணிக் கடை கொஞ்ச நேரத்துக்குக் கண்ணில் படாது. இந்தப் புழுதிக்குள் நின்றுகொண்டு லென்ஸ் மாற்றியது பிரதீபனின் பிழைதான். அதை அவன் மனைவி ராஜினி வாய்விட்டுச் சொன்னபோதுதான் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வயலுக்க நிண்டு கழட்டாதேங்கோ எண்டு நான் அண்டைக்கே சொன்னனான்" என்றாள் ராஜினி. ஸ்ரூடியோவின் முன்பக்கம் போட்டோக்கொப்பி மிசின் அவளுடைய பொறுப்பு. கதைக்கிற நேரமும் அவள் கை தாள் அடுக்கிக்கொண்டிருக்கும்.

"நீ சொன்னனிதான். இப்ப அதுக்கு என்ன செய்யிறது எண்டு சொல்லு."

ராஜினி அடுத்த தாளை மிசினுக்குள் வைத்தாள்.

வேறு மாதமாக இருந்தால் போய்த் தொலை என்று விட்டிருப்பான். ஆனால் பதினாறு நாளில் அவனுடைய தங்கச்சி ஞானேஸ்வரிக்குக் கல்யாணம். இரண்டாம் கல்யாணம். ஏழு வருசத்துக்கு முன் அவளுடைய புருசன் வாய்க்கால் கட்டில் ட்ராக்டர் புரண்டு செத்துப்போனான். அன்றிலிருந்து அவள் ஒரு படத்துக்கும் நின்றதில்லை. வீட்டில் ஒரு நல்லது நடந்து எல்லாரையும் நிறுத்தினால், "நான் பிடிக்கிறன் அண்ணா, நீங்கள் போய் அதுகளோட நில்லுங்கோ" என்று கமராவை வாங்கிவிடுவாள். அரைவாசி மாவட்டத்தின் முகத்தை எடுத்தவன் பிரதீபன். கூடப்பிறந்த ஒன்றின் முகம் ஏழு வருசமாக அவனிடம் இல்லை. ஒருநாள் கொம்பியூட்டர் முழுக்கத் தேடிவிட்டு, இந்த ஏழு வருசத்துப் படம் ஒன்றும் கிடைக்காமல், அந்த மனுசன் கதிரையில் இருந்து அழுதது ராஜினிக்கு மட்டும் தெரியும்.

இப்போது தண்ணி இறைக்கிற பம் திருத்துகிற கோகுலன் அவளைக் கேட்டு, அவளும் ஓம் என்று சொல்லி, கோயிலில் பத்துப் பேருடன் எளிமையாகத் தாலி கட்டுவது என்று முடிவாயிருந்தது. அவளுக்கு ஒரு படம். ஒரேயொரு நல்ல படம். பெரிதாக அடித்து, சட்டம் போட்டு, அவள் வீட்டுச் சுவரில் மாட்டவேண்டும். அதில் ஒரு புள்ளி இருக்கக்கூடாது. பிரதீபன் கேட்டது அவ்வளவுதான், அதற்குத்தான் இவ்வளவு அரியண்டம்.

கொழும்பில் திருத்துகிற இடத்துக்கு ரெலிபோன் எடுத்தான். மூன்று கிழமை ஆகும் என்றார்கள்; அதற்குள் கல்யாணம் முடிந்துவிடும். மற்ற ஸ்ரூடியோக்காரரிடம் இரவல் கேட்கலாமென்றால், முகூர்த்த நாளில் எவன் கமராவைக் கையால் கொடுப்பான். அப்படியென்றால் தானே துடைக்கவேண்டியதுதான் என்று இணையத்தில் வீடியோ பார்த்தான். அதில் வெள்ளைக்காரன் ஒருவன் ரப்பர் பந்து ஒன்றை அமத்தி 'புஸ்' என்று காற்று ஊதினான். தூசு போய்விட்டது. இவ்வளவுதானா என்று இருந்தது பிரதீபனுக்கு. ரப்பர் பந்துக்கு ஜெயபுரத்தில் எங்கே போவது. ஆனால் காற்று இருக்கிற இடம் அவனுக்குத் தெரியும்.

பக்கத்துக் கடை மாயாண்டி அண்ணருடையது. டயர் ஒட்டுவார், காற்று அடிப்பார். அவரும் மலைநாட்டு ஆள்தான், பிரதீபனின் தகப்பனோடு ஒரே லொறியில் வந்தவர். விசயத்தைச் சொன்னதும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினார்.

"தூசுதானே தம்பி, இங்க குடுங்க. ட்ராக்டர் பில்டரையே ஊதித் தர்ற ஆள் நான்."

"மெல்லமா அண்ணை. உள்ளுக்கு இருக்கிறது கண்ணாடி."

"பூ மாதிரி ஊதுறேன், பாருங்க."

பூ மாதிரித்தான் ஊதினார், அதில் பொய் இல்லை. ஆனால் அந்தக் கொம்பிறசரின் குழாய்க்குள் பல வருசத்து எண்ணெய் இருந்தது. பிரதீபன் கடைக்கு ஓடிவந்து வெள்ளைத் தாளைப் படம் எடுத்துப் பார்த்தான். மூன்று புள்ளி பதினொன்றாகியிருந்தது. அதில் ஒன்று கச்சான் கடலைக் கொட்டையளவுக்கு வட்டமாக, கொழுத்து, படத்தின் மேற்பாதியில் நடுவில் குந்தியிருந்தது. மாயாண்டி அண்ணர் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தார். "முந்தி இவ்வளவு இருக்கலயே" என்றார். அவரோடு சண்டை பிடிக்கவா முடியும். பிரதீபன் தலையில் அடித்துக்கொண்டான்.

அந்தக் கிழமை சனிக்கிழமை முழங்காவில் பக்கத்தில் ஒரு சாமத்திய வீடு. முற்பணம் வாங்கியாயிற்று, போகாமல் இருக்க ஏலாது. அறுநூறு படம். அறுநூறிலும் பதினொரு புள்ளி. கணக்கில் மக்கானவனுக்கும் அது எவ்வளவு என்று தெரியும். ஞாயிறும் திங்களும் கொம்பியூட்டருக்கு முன்னால் குந்தி, புள்ளி புள்ளியாக அழித்தான். கண் எரிந்தது, முதுகு பிடித்தது. சோற்றுக் கோப்பையில் மிளகு கிடந்தால் அதையும் அழிக்கக் கை போனது. ராஜினி பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ. நீங்கள் புள்ளியை மட்டும்தான் பார்க்கிறியள். அந்தப் பிள்ளையின்ர முகத்தையும் ஒருக்கால் பாருங்கோ."

"முகம் முகத்தின்ர பாட்டில இருக்கும். என்னைக் கரைச்சல்படுத்தாத."

செவ்வாய்க்கிழமை ஒரு வழி பிடித்தான். புள்ளிகள் எப்போதும் ஒரே இடத்தில்தானே. ஒரு படத்தில் அழித்ததைக் கொம்பியூட்டர் நினைவில் வைத்துக்கொள்ளும்; மற்றப் படங்களிலும் அதே இடத்தைத் தானாக அழித்து, சுற்றியிருக்கிற நிறத்தை எடுத்துப் பூசிவிடும். நிமிர்த்தி எடுத்த படத்துக்கு ஒன்று, படுக்கையாக எடுத்ததற்கு ஒன்று என்று இரண்டையும் ஒழுங்குபண்ணினான். படங்களைக் கமராவிலிருந்து இறக்கும்போதே அந்த வேலை நடக்கும்படி வைத்தும் விட்டான். மிச்சம் நானூறும் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் முடிந்தது. அந்த மாதத்தில் அவன் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

ஆனால் தங்கச்சியின் படத்தை இப்படிப் பூசி மெழுகிக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. அவள் படம் சுத்தமாக விழவேண்டும், பிறகு சுத்தமாக்கினதாக இருக்கக்கூடாது. அதற்குள் சென்சர் துடைக்கிற சாமானுக்குச் சொல்லியிருந்தான். தட்டையான பஞ்சுக் குச்சி மூன்று, விரல் நீளத்துக்கு ஒரு போத்தல் மருந்து. அது கிளிநொச்சிக்கு வந்து, அங்கே இரண்டு நாள் தூங்கி, பிறகு பூநகரிக்குப் போய், விலாசம் பிழை என்று திரும்பப் போகப் பார்த்து, கடைசியில் கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்க வந்து சேர்ந்தது. கொண்டுவந்த பொடியன், "உங்கட கடையைக் கண்டுபிடிக்கிறது பெரிய கஷ்டம் அண்ணை" என்றான். சந்தியில் பத்தடிக்கு எழுதின பெயர்ப்பலகைக்குக் கீழே நின்றுகொண்டு சொன்னான்.

இனி அடுத்த ஆக்கினை. காற்று ஆடாத, தூசு பறக்காத அறையில் வைத்துத் துடைக்கவேண்டும் என்று அந்த வெள்ளைக்காரன் சொல்லியிருந்தான். சொல்வது சுகம். ஸ்ரூடியோவில் கதவை மூடினாலும் கூரை இடுக்கால் புழுதி வரும். வீட்டு அறையில் இலவம்பஞ்சுத் தலையணை. சுடுதண்ணி ஆவி பிடித்த குளியலறை நல்லது என்றும் அந்த வீடியோவில் இருந்தது. பிரதீபன் வீட்டில் குளிப்பது கிணற்றடியில், மேலே வானம். பொலித்தீன் பைக்குள் கமராவையும் இரண்டு கையையும் விட்டுப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை, வியர்த்துக் கொட்டியதுதான் மிச்சம்.

யோசனை சொன்னது ராஜினிதான். "பால் சேர்க்கிற இடத்துக்குப் போங்கோ. விமலேஸ்வரியக்கா ஒரு நாளைக்கு நாலு தரம் கழுவுறவா. அங்க ஈயும் போகாது."

அது உண்மை. ஊர்ப் பால் முழுக்கக் காலையிலும் பின்னேரமும் அங்கேதான் வரும். பால் ஊற்றி வைக்கிற பெரிய குளிர்த் தாங்கி இருக்கிற அறை. நிலமும் சுவரும் எப்போதும் ஈரம். தூசு வந்தாலும் அந்த ஈரத்தில் விழுந்துவிடும். விமலேஸ்வரி அக்கா அதைக் கோயில் மாதிரி வைத்திருந்தா. அந்த அறைக்குள் போகவேண்டும் என்றதும் அவா பிரதீபனை மேலும் கீழும் பார்த்தா.

"காலைக் கழுவு."

கழுவினான்.

"சேட்டைக் கழட்டு. தோளில முழுக்க நெல்லுத்தூசு. தலையையும் நனை. அந்தச் சப்பாத்தைப் போடு."

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்க, வெறும் மேலோடு, நனைந்த தலையோடு, முழங்கால் வரைக்கும் வருகிற ரப்பர்ச் சப்பாத்தோடு, பால் தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் கமராவை வைத்துக்கொண்டு அவன் குந்தியிருந்ததை நினைத்துப் பாருங்கோ. குளிரில் பல் அடித்தது. அக்கா ரோச் லைட் பிடித்தா. முதல் குச்சியில் இரண்டு சொட்டு மருந்து விட்டு, மூச்சை அடக்கி, ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்கு ஒரே இழுவை. வெள்ளைச் சுவரை எடுத்துப் பார்த்தான். பதினொன்று ஒன்பதாகியிருந்தது. கொழுத்தது அப்படியே இருந்தது.

"என்ன தம்பி, போகேல்லையே?"

"மேல் பக்கம்தான் அக்கா நல்லா அமத்தினனான். புள்ளி மேலதானே தெரியுது."

பிறகுதான் நினைவு வந்தது. கமராவுக்குள் படம் தலைகீழாக விழும். மேலே தெரிகிற புள்ளி உள்ளே கீழே இருக்கும். இருபது வருசம் படம் எடுத்தவனுக்கு இது தெரியாதா. தெரியும். அவசரத்தில் ஒன்றும் தெரியாது. தன்னைத்தானே நாலு ஏச்சு ஏசிவிட்டு இரண்டாவது குச்சியை எடுத்தான். ஒன்பது இரண்டாகியது. கொழுத்தது கொஞ்சம் மெலிந்து இன்னும் இருந்தது. மிச்சம் ஒரு குச்சி. விமலேஸ்வரி அக்கா லைட்டை மற்றக் கைக்கு மாற்றினா. "கையை நடுக்காத. தங்கச்சிக்குத்தானே செய்யிறாய்" என்று மட்டும் சொன்னா.

மூன்றாவது இழுவை. சுவரை எடுத்துப் பெருப்பித்துப் பார்த்தான். மேலே, கீழே, நாலு மூலை. ஒன்றுமில்லை. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. பிரதீபனுக்கு அழலாம் போல வந்தது. அக்காவின் காலில் விழுந்திருப்பான், நிலம் வழுக்கும் என்று பயந்தான்.

"முடிஞ்சுதெண்டால் வெளிய போ. பின்னேரப் பால் வரப்போகுது" என்றா அவா.

வெள்ளிக்கிழமை காலையில் கோயிலில் தாலி கட்டினார்கள். ஞானேஸ்வரி நெத்திச்சுட்டி வேண்டாம், ஒப்பனை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மெரூன் கரை வைத்த சேலை, தலையில் கொஞ்சம் பூ. கோகுலன் குங்குமத்தை எடுத்து அவள் நெற்றியில் வைக்கும்போது கை நடுங்கி, பொட்டு அளவுக்கு மிஞ்சிப் பெரிதாகிவிட்டது. துடைக்கப் போனவனை அவள், "இருக்கட்டும்" என்று தடுத்தாள். ஏழு வருசத்துக்குப் பிறகு அந்த நெற்றியில் ஒரு பொட்டு. பிரதீபன் அவளைத் தனியாகக் கோயிலின் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, கமராவைப் படுக்கையாகப் பிடித்தான்.

"ஒண்டு காணும் அண்ணா."

"ஒண்டுதான் எடுக்கிறன். என்னைப் பார்."

அவள் பார்த்தாள். வழக்கம்போலக் கமராவைக் கேட்டுக் கை நீட்டவில்லை. சின்னதாகச் சிரித்தாள். கமராவுக்குப் பின்னால் நிற்கிறவன் அழுதால் ஒருவருக்கும் தெரியாது. அது அந்தத் தொழிலில் இருக்கிற ஒரு வசதி.

பின்னேரம் படங்களை இறக்கினதும் முதலில் அந்தப் படத்தைத்தான் திறந்தான். கண் நேரே சுவருக்குப் போனது. பெருப்பித்து, இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, அந்த வெள்ளைச் சுவரை அங்குலம் அங்குலமாகத் தேடினான். ஒரு புள்ளி இல்லை. சேலைக் கரைக்குப் பக்கத்தில் பார்த்தான். பூவுக்குப் பின்னால் பார்த்தான். இல்லை. பால் அறையில் பட்ட குளிர் வீண்போகவில்லை என்று நெஞ்சு நிறைந்தது. உடனே கிளிநொச்சிக்கு அனுப்பி, பெரிதாக அடித்துச் சட்டம் போடச் சொன்னான். சொல்லும்போது, "தூசு ஒண்டும் விழாமல் கண்ணாடி போடுங்கோ" என்றும் சொன்னான்.

எட்டாம் நாள் படம் வந்தது. கடையில் பிரிக்கவில்லை. தங்கச்சிக்கு முன்னால்தான் பிரிப்பது என்று சுற்றின தாளோடு மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கோகுலனின் வீட்டுக்குப் போனான். ஞானேஸ்வரி குசினியிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்தாள். கோகுலன் கதிரை இழுத்துப் போட்டான். பிரதீபன் தாளைக் கிழித்து, படத்தைச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு, படத்தைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்தான்.

"எங்கயாவது ஒரு புள்ளி இருக்கா பார். தேடிப் பார்."

கோகுலன் வாயைத் திறந்துவிட்டு மூடினான். ஞானேஸ்வரி கிட்ட வந்து, குனிந்து, நிறைய நேரம் பார்த்தாள்.

"இல்லை அண்ணா" என்றாள். "ஒரு புள்ளியும் இல்லை."

அவள் குரல் சரியில்லை. அப்போதுதான் பிரதீபன் திரும்பி முகத்தைப் பார்த்தான். அதே சேலை, அதே பூ, அதே சிரிப்பு. நெற்றி வெறுமையாக இருந்தது. கோகுலன் நடுங்கி நடுங்கி வைத்த அந்தப் பெரிய குங்குமம் இருந்த இடத்தில் வெறும் தோல், மாசுமருவில்லாமல். ஏழு வருசமாக எல்லாரும் பார்த்துப் பழகின அதே நெற்றி.

அவனுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. மேற்பாதி, நடு, கச்சான் கொட்டையளவு. கமராவில் இருந்த புள்ளியைத் துடைத்தவன் கொம்பியூட்டருக்கு, இனி அழிக்காதே என்று சொல்ல மறந்துபோனான். அது தன் பாட்டில் அழித்திருக்கிறது. இவன் சுவரைப் பார்த்துச் சந்தோசப்பட்டிருக்கிறான். அந்த வீட்டு நிலம் பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது என்று நினைத்தான்.

"தா, தா, கொண்டுபோறன்" என்று படத்தைத் தூக்கினான். "நாளைக்கே வேற அடிச்சுக் கொண்டாறன். கமராவில சரியாத்தான் இருக்கு பிள்ளை. நான்தான், விசரன், நான்தான் பார்க்கேல்லை."

"விடுங்கோ மச்சான், அதுக்கென்ன" என்றான் கோகுலன். ஆனால் அவனும் படத்தைப் பார்க்கவில்லை.

ஞானேஸ்வரி அண்ணனின் கையைப் பிடித்துப் படத்தை இறக்கி வைத்தாள். பிறகு உள்ளே போனாள். அறைச் சுவரில் ஒரு கண்ணாடி. அதன் ஓரத்தில் ஒட்டுப்பொட்டு ஒன்று ஒட்டியிருந்தது, முதல்நாள் இரவு முகம் கழுவ முன் கழற்றி ஒட்டி வைத்தது. ஏழு வருசமாக அவள் பழைய வீட்டில் முகம் பார்த்த கண்ணாடியின் ஓரத்தில் எதுவும் இருந்ததில்லை. அதை நகத்தால் கிளப்பிக்கொண்டு வந்து, படத்தின் கண்ணாடிக்கு மேல், அதிலிருக்கிற தன் நெற்றியில் வைத்து அமத்தினாள்.

"இப்ப சரி" என்றாள். "நீங்கள் தூக்குங்கோ, அவர் ஆணி அடிப்பார்."

பிரதீபன் அடுத்த கிழமை குங்குமத்தோடு சரியான படத்தை அடித்துக் கொண்டுபோனான். அவள் நல்லாயிருக்கு என்று சொல்லி அதை அலுமாரிக்குள் வைத்துக்கொண்டாள். சுவரில் பழையதுதான் இன்றைக்கும் தொங்குகிறது. அந்த வீட்டுக்குப் போகிற நேரமெல்லாம் பிரதீபன் அதைப் பார்ப்பான். பொட்டு கொஞ்சம் இடப்பக்கம் சரிந்திருக்கிறது, ஓரத்தில் புழுதி பிடித்தும் இருக்கிறது. அவன் அதில் கைவைப்பதில்லை.